நாணயச் சங்கம்

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சேலம் கடைத்தெருவில் எந்தக் கடையில் எதை வாங்கலாம், எந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது அவளுக்கு மனப்பாடம். ஒரு மனிதரைப் பற்றி அவள் வழங்கக்கூடிய பெரிய பட்டம் ஒன்றே ஒன்றுதான். "அவன் நாணயமானவன்!" என்பாள். அந்தப் பட்டத்தை அவள் இலேசில் யாருக்கும் கொடுத்துவிட மாட்டாள். தாத்தாவுக்கே அது எப்போதாவதுதான் கிடைக்கும்!

நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் சொன்ன சொல் தவறாத குணம். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்த நம் முன்னோர்கள் பொல்லாதவர்கள்தான். காசு புழங்கும் இடத்தில் குணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அனுபவித்துத் தெரிந்து கொண்டவர்கள் போலிருக்கிறது.

கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பழைய நாளில் தமிழில் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? 'ஐக்கிய நாணய சங்கம்.' இன்று கிராமத்துக் கட்டடங்களின் மேல் 'தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்' என்று நீளமாக எழுதியிருக்கிறார்கள். பெயர் நீண்டுவிட்டது. நடுவிலே இருந்த நாணயம் என்ற சொல் மட்டும் எங்கோ நழுவிவிட்டது. சொல் நழுவினால் போகட்டும். பொருளாவது நழுவாமல் இருக்கிறதா?

இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அங்கே வேலை பார்க்கும் ஒருவரோடு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பதுதான். நல்ல வேளையாக, என் பள்ளித் தோழி ஒருத்தி நாமக்கல் பக்கத்துக் கிராமச் சங்கம் ஒன்றில் பதினெட்டு வருஷமாக எழுத்தராக இருக்கிறாள். அவளுடைய பெயரையும் ஊரையும் நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

மல்லூர் தாண்டி

சேலத்தில் நாமக்கல் பஸ் ஏறி மல்லூரைத் தாண்டினால் ஊர்க் காற்று மாறிவிடுகிறது. சாலைக்கு இருபுறமும் மரவள்ளிக் காடுகள். இங்கே குச்சிக் கிழங்கு என்றால்தான் எல்லோருக்கும் புரியும். நம் வீட்டு ஜவ்வரிசிப் பாயசம் இந்தச் செம்மண்ணிலிருந்துதான் புறப்படுகிறது. ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று போகப் போக, ரெயில் வண்டியை நிறுத்தி வைத்தது போல் நீள நீளமான கோழிப் பண்ணைகள். அப்புறம் லாரி, லாரி, லாரி! 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கு முட்டை ஒரு கண் என்றால் லாரி இன்னொரு கண்.

இத்தனைக்கும் அடியில் ஓடுவது தண்ணீர் அல்ல, கடன். மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரி இருக்கிறது. கரும்பும் வாழையும் வெற்றிலையும் செழிக்கின்றன. மற்ற இடங்களில் மழையையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நம்பித்தான் பிழைப்பு. ஆயிரம் அடி தோண்டியும் புகை மட்டுமே வந்தால், தோண்டிய கூலியை யார் கொடுப்பது? விதைக்குப் பணம் வேண்டும், உரத்துக்கு வேண்டும், பெண்ணின் கல்யாணத்துக்கு வேண்டும். வாங்கித்தானே ஆக வேண்டும்?

எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி. 'அஞ்சு வட்டி' என்று இந்தப் பக்கத்தில் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். பத்தாயிரம் ரூபாய்க்கு மாதம் ஐந்நூறு, வருஷத்துக்கு ஆறாயிரம். முதல் அப்படியே நிற்கும். சங்கத்தில் பயிர்க் கடனுக்கு வட்டி நூற்றுக்கு வருஷம் ஏழு, பத்தாயிரத்துக்கு எழுநூறு. கெடு தவறாமல் கட்டிவிட்டால் அந்த வட்டியையும் அரசாங்கமே ஏற்றுக் கொள்கிறது. ஆறாயிரத்துக்கும் சைபருக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கப் பெரிய பொருளாதார நிபுணர் தேவையில்லை அல்லவா?

இரண்டு சாவி

"இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்!" என்று வரவேற்றாள் தோழி. கையில் சாப்பாட்டுத் தூக்கு, தோளில் பை, மொபெட்டின் முன்னால் ஒரு குடம். குடம் எதற்கு என்று கேட்டேன். "ஆபீஸ் குழாயிலே தண்ணி வராது. வாறவிங்களுக்குக் குடிக்க வேணுமில்ல?" என்றாள். எழுத்தர் உத்தியோகத்தின் முதல் வேலை தண்ணீர் கொண்டு போவது என்று குறித்துக் கொண்டேன்.

சங்கம் என்றால் பளபளப்பான கண்ணாடி மாளிகையை நினைத்துக் கொள்ளாதீர்கள். ஓர் அறை, ஒரு கவுண்ட்டர், பின்னால் ஓர் இரும்புப் பெட்டகம், பக்கத்தில் உரக் கிடங்கு. செயலாளர் ஒருவர், எழுத்தர், நகை மதிப்பீட்டாளர், ரேஷன் கடை விற்பனையாளர், காவலர். இவ்வளவுதான் பட்டாளம். ஆனால் இந்த அறைக்குள் நடக்காத காரியமே இல்லை. பயிர்க் கடன், நகைக் கடன், மகளிர் குழுக் கடன், சேமிப்புக் கணக்கு, வைப்புத் தொகை, யூரியா மூட்டை எல்லாம் இங்கேதான். ரேஷன் கடைக் கணக்கும் மாலையில் இங்கேதான் வந்து சேருகிறது.

காலையில் பெட்டகம் திறக்கும் வைபவத்தைப் பார்த்தேன். ஒரு சாவியால் அது திறக்காது. செயலாளரிடம் ஒன்று, இன்னொருவரிடம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு அசையும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்திலே காய்ச்சல் வந்தா?" என்று கேட்டு வைத்தேன்.

"வராது. வரக்கூடாது!" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதில் உண்மை இருந்தது. சாவி வைத்திருப்பவர் நினைத்த மாத்திரத்தில் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட முடியாது. மாலையில் கணக்கு முடித்து, ரொக்கத்தை எண்ணி, ஏடும் காசும் ஒத்துப் போனால்தான் வீடு. ஒரு நாள் முப்பது ரூபாய் குறைந்ததாம். இரவு எட்டரை மணி வரை தேடினார்களாம். கடைசியில் கூட்டலில் பிழை. "முப்பது ரூபாயைக் கையிலிருந்து போட்டுட்டுப் போயிருக்கலாமே?" என்றேன். தோழி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னிக்கு முப்பது ரூபாயைப் போடறவ, நாளைக்கு முப்பது ரூபாயை எடுப்பா" என்றாள். என் பாட்டி இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அவளுக்குப் பட்டம் சூட்டியிருப்பாள்.

இப்போது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. நாடு முழுவதும் 63,000 தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-ல் அனுமதி அளித்தது. "நல்லதுதான்" என்கிறாள் தோழி. "ஆனா மாறின புதுசிலே ஏட்டிலும் எழுதோணும், பெட்டியிலும் தட்டோணும். ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு தடவை சமைச்ச மாதிரி!"

உரைகல்லும் ரகசியமும்

பதினோரு மணிக்கு ஒரு நடுத்தர வயது அம்மாள் வந்தார். புடவைத் தலைப்பில் எதையோ முடிந்து இறுகப் பிடித்திருந்தார். கவுண்ட்டரின் ஓரமாக, மற்றவர்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். தோழி ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உரம் வாங்க வந்த ஆண்கள் போன பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஒரு சங்கிலி, இரண்டு வளையல்.

மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசினார், திராவகம் விட்டுப் பார்த்தார், தராசில் நிறுத்தார். கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்தார். ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று மேலிடம் நிர்ணயித்த கணக்குப்படி தொகை எழுதினார். நகை ஒரு பைக்குள் போயிற்று. பை மூடப்பட்டு, சீட்டு ஒட்டி, கையெழுத்தாகிப் பெட்டகத்துக்குள் போயிற்று. எல்லாம் அரை மணி நேரம்.

அவர் போன பிறகு தோழி சொன்னாள்: "இந்த ஊர்லே யார் கழுத்திலே கிடக்கிறது தங்கம், யார் கழுத்திலே கிடக்கிறது கவரிங்னு எனக்குத் தெரியும். கோயில் திருவிழாவிலே எல்லாரும் பளபளன்னு வருவாங்க. நான் யார் கழுத்தையும் பார்க்க மாட்டேன். குனிஞ்சுக்குவேன்."

இதைக் கேட்டு எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. வாசகிகளே, யோசித்துப் பாருங்கள். நகைக் கடன் மனுவில் கையெழுத்துப் போடுவது கணவராக இருக்கலாம். வாங்கிய பணம் உரமாகவோ, கல்லூரிச் சம்பளமாகவோ, ஆஸ்பத்திரிச் செலவாகவோ போகலாம். ஆனால் பெட்டகத்துக்குள் போய் உட்காருவது ஒரு பெண்ணின் கழுத்தும் கையும். மாமியார்களுக்குத் தெரியாமல் வந்த வளையல்கள் அங்கே இருக்கின்றன. மருமகளுக்குத் தெரியாமல் வந்த மாமியாரின் காசு மாலையும் இருக்கிறது! இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பது தோழிக்கு மட்டும் தெரியும். அவள் வாயைத் திறந்தால் ஒரு குடும்பம் இரண்டாகும். பதினெட்டு வருஷமாக அவள் திறக்கவில்லை.

கடன் கெடு தாண்டினால் நோட்டீஸ் போகும். அதற்கும் பதில் இல்லை என்றால் ஏலம். ஏலத்தில் கடனும் வட்டியும் போக மீதி இருந்தால் அது நகைக்கு உடையவருக்கே சேரும். சட்டப்படி எல்லாம் சரிதான். "ஆனா நோட்டீஸைத் தபால்லே போடறதுக்கு முந்தி, நானே ஒரு தடவை அவிங்க வீட்டுப் பக்கமாப் போவேன். 'வட்டியையாவது கட்டித் திருப்பி வச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டு வருவேன். அது என் வேலையிலே எழுதலை. எழுதாட்டி என்ன?"

ஜெர்மனியிலிருந்து திரூர் வரை

மதியம் உரக் கிடங்கின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கம்மஞ்சோறும் மோரும், கடித்துக் கொள்ளச் சின்ன வெங்காயமும். "இந்த ஏற்பாட்டையெல்லாம் எந்த மகராசன் கண்டுபிடிச்சான்?" என்று கேட்டாள் தோழி. அவள் படித்த கூட்டுறவுப் பட்டயப் பாடத்தில் இருந்திருக்கும்; பரீட்சையோடு மறந்து போயிற்றாம். நான் படித்துக்கொண்டு போயிருந்ததால் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் பிரெடெரிக் வில்ஹெல்ம் ரைபைசன் என்று ஒரு கிராமத்து மேயர் இருந்தார். 1818-ல் பிறந்தவர். 1846-47 குளிர்காலத்தில் அவருடைய பகுதியில் கொடிய பஞ்சம். முதலில் வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்க ஏற்பாடு செய்தார். தருமம் எத்தனை நாளைக்கு ஓடும்? கடைசியில், கடன் தேவைப்படுகிறவர்களே ஒன்று சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கொண்டால்தான் வழி பிறக்கும் என்று கண்டார். 1864-ல் ஹெடெஸ்டார்ப் என்ற ஊரில் அவர் அமைத்த கடன் சங்கம்தான் கிராமக் கடன் சங்கங்களுக்கெல்லாம் முன்மாதிரி.

நம் பக்கத்தில், பிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரியைச் சென்னை அரசாங்கம் விவசாயக் கடன் பிரச்னையை ஆராயச் சொன்னது. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ரைபைசன் போன்ற மனிதர்கள் இங்கேயும் கிடைத்தால்தான் விமோசனம் என்பது அதன் சாரம். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் கிராமத்தில் விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு பாங்கியும் தொடங்கின. 1909-ல் சேலத்தில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கி ஏற்பட்டது.

அந்தக் காலத்துக் கிராமச் சங்கத்தில் ஒரு விசேஷம். பொறுப்புக்கு எல்லையே கிடையாது. சங்கம் நொடித்தால் ஒவ்வொரு அங்கத்தினரும் தம் சொத்து முழுவதையும் கொண்டு ஈடுகட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கடனுக்கு நாமும் ஜவாப்தாரி என்றால், அவன் கடன் வாங்கி மாடு வாங்குகிறானா, சீட்டாடுகிறானா என்று எட்டிப் பார்க்காமல் இருப்போமா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பாஸ்டன் நகரத்துப் பெரிய வியாபாரி எட்வர்ட் பைலீன் 1907-ல் உலகப் பிரயாணம் வந்தபோது, இந்தியக் கிராமங்களில் இந்தச் சங்கங்களைப் பார்த்து வியந்து போனார். ஊர் திரும்பியதும் அங்கேயும் கடன் சங்கங்கள் வளரப் பாடுபட்டார். பெரும் பணம் செலவழித்தார். 1934-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதற்கென நாடு தழுவிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பணக்கார அமெரிக்கா நம் கிராமத்தைப் பார்த்துப் பாடம் கற்ற கதை இது!

ஆனால் நாமே தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். 1951-52-ல் ரிசர்வ் பாங்கி நாடு முழுவதும் கிராமக் கடனைக் கணக்கெடுத்தது. விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு மூன்று பங்குதான். வட்டிக்கு விடுகிறவர்கள் கொடுத்தது ஏறக்குறைய எழுபது பங்கு. அரை நூற்றாண்டு பாடுபட்டு மூன்று பங்கு! அதன் பிறகுதான் அரசாங்கமே பங்குதாரராகச் சங்கங்களுக்குள் வந்தது. சங்கம் வளர்ந்தது. கூடவே இன்னொன்றும் வளர்ந்தது. "இது நம்ம பணம்" என்பது போய், "இது கவர்மெண்டுப் பணம்தானே" என்ற எண்ணம்.

"கரும்புன்னு எழுதிக்கோ"

இந்த எண்ணத்தோடு தினமும் மல்லுக்கு நிற்பதுதான் சங்கத்து வேலையில் கடினமான பகுதி என்கிறாள் தோழி.

உண்மையில் அவள் அரசாங்க ஊழியரே அல்ல. அவளுக்குச் சம்பளம் தருவது சங்கம். சங்கத்துக்கு லாபம் வந்தால்தான் சம்பளம் ஒழுங்காக வரும். இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. ஊரார் இதைப் 'பாங்கி' என்கிறார்கள். சட்டப்படி இது பாங்கி அல்ல. பாங்கியில் போட்ட பணத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கிக்கும் நகரக் கூட்டுறவு பாங்கிக்கும் அது உண்டு. கிராமத்துக் கடன் சங்கத்துக்கு மட்டும் கிடையாது. அங்கே ஒரு கிழவி தன் ஆடு விற்ற காசைக் கொண்டுவந்து போடுகிறாள் என்றால், கவுண்ட்டருக்குப் பின்னால் இருக்கிறவர்களை நம்பித்தான் போடுகிறாள்.

பயிர்க் கடனுக்கு ஓர் அளவு உண்டு. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று வருஷா வருஷம் மாவட்டத்தில் ஒரு குழு நிர்ணயிக்கிறது. சோளத்துக்குக் கொஞ்சம்; கரும்புக்கு அதிகம். நிலத்துக்குச் சிட்டாவும், என்ன பயிர் என்பதற்கு அடங்கலும் கொண்டுவர வேண்டும். கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், அடங்கலோடு வந்து கவுண்ட்டரில் நின்றவர் வேறு யாருமல்ல. தோழியின் உடன்பிறந்த அண்ணன். அடங்கலில் மூன்று ஏக்கர் கரும்பு என்று இருந்தது. அந்தக் காட்டு வழியாகத்தான் அவள் தினமும் மொபெட்டில் வருகிறாள். கிணறு வற்றி, காடு தரிசாகக் கிடந்தது. கரும்பு அல்ல, கோரைப் புல் கூட இல்லை.

"அண்ணா, காட்டிலே கரும்பு இல்லீங்களே" என்றாளாம்.

"எனக்குத் தெரியாதா? காயிதத்திலே இருக்குதல்ல. நீ கரும்புன்னு எழுதிக்கோ. போர் போடோணும், தண்ணி வந்தாக் கரும்பு வந்துட்டுப் போகுது" என்றாராம் அண்ணன்.

அவர் பொய்க்காரர் அல்ல. குடித்து அழிப்பவரும் அல்ல. தோழியின் கல்யாணத்துக்குக் கடன்பட்டவர். அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக நின்றவர். அந்தக் கடனில் ஒரு பங்கு இன்னும் 'அஞ்சு வட்டி'யில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"என்னாலே முடியாதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டாள். செயலாளரிடம், "இந்த மனுவை நீங்களே நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று ஒதுங்கிக் கொண்டாள். அவர் போய்ப் பார்த்தார். மனு திரும்பி வந்தது.

அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணி தீபாவளிக்குக் கூப்பிடவில்லை. அம்மா மட்டும் சந்தைக்கு வருகிற சாக்கில் வந்து, "ஒரு எழுத்துத்தானே கண்ணு, எழுதியிருக்கக் கூடாதா?" என்று அழுதுவிட்டுப் போனார். அந்த வருஷமே தோழியின் பெண் பெரியவளானாள். எங்கள் பக்கத்தில் திரட்டிச் சீர் என்றால் தாய்மாமன் இல்லாமல் நடக்காது. தட்டு எடுத்துக்கொண்டு மாமன் வர வேண்டும். முகூர்த்தம் நெருங்குகிறது, மாமனைக் காணோம். கடைசி நிமிஷத்தில் வந்தார். சீர்த் தட்டை வைத்தார். பெண்ணின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், சாப்பிடாமல் போய்விட்டார்.

"அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. எழுதிக் கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நூறு தடவை நினைச்சேன்" என்றாள் தோழி.

"என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது. அதுதான் பயம். ஒண்ணும் ஆகலைன்னா, அடுத்தவனுக்கும் எழுதோணுமல்ல?"

"நான் கட்டினது தப்பா?"

கடனைத் தள்ளுபடி செய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சேலத்தில் வக்கீலாக இருந்து, அந்த நகரசபைக்குத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தபோது 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். வட்டியாலேயே மூழ்கிக்கொண்டிருந்த குடியானவர்களுக்கு அது மூச்சு விட வழி செய்தது.

அண்மைக் காலத்தில், 2021 பிப்ரவரியில், சேலம் மாவட்டத்து எடப்பாடியைச் சேர்ந்த அப்போதைய முதலமைச்சர் பழனிசாமி, கூட்டுறவுப் பயிர்க் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாய். ஆட்சி மாறிய பின், அதே ஆண்டு செப்டம்பரில், ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக் கடன்களுக்குத் தள்ளுபடி என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார், நிபந்தனைகளும் இருந்தன.

எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்தது. பெட்டகத்திலிருந்து வளையல்கள் திரும்பிப் போயின. அந்த நாட்களில் பெண்கள் அழுதுகொண்டே நகையை வாங்கிப் போனதைத் தோழி கண்ணாரக் கண்டவள். குறை சொல்ல மாட்டாள்.

ஆனால் ஒரு காட்சியை அவளால் மறக்க முடியவில்லை. பிப்ரவரி அறிவிப்பு வந்த மறு வாரம். ஒரு வயதான குடியானவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முந்திய மாதம்தான் இரண்டு ஆடுகளை விற்று, கெடுவுக்கு முன்பே கடனைக் கட்டியவர். வருஷா வருஷம் முதல் ஆளாகக் கட்டுகிறவர். கோபிக்கவில்லை, சத்தம் போடவில்லை. மெதுவாகக் கேட்டாராம்: "ஏனுங்கம்மிணி, நான் கட்டினது தப்புங்களா?"

"என்ன பதில் சொன்னே?" என்றேன்.

"பதில் தெரியலை. தண்ணி கொடுத்தேன். குடிச்சிட்டுப் போனார்."

சில கேள்விகளுக்குச் சட்டசபையிலும் பதில் கிடையாது. பெரிய பெரிய அறிக்கைகளிலும் கிடையாது. கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவள்தான் அதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கேட்டவருடைய நாணயத்தால்தான் சங்கம் நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு மட்டும் பலன் இல்லை என்பதும் தெரியும். அடுத்த பருவத்தில் அவர் வருவாரா, கட்டுவாரா என்று அவள் கவலையோடு காத்திருந்தாளாம்.

வந்தார். வாங்கினார். முதல் ஆளாகக் கட்டினார். "வழக்கமாயிப் போச்சுங்க" என்றாராம்.

அண்ணன் வந்தார்

மாலை ஐந்து மணி. ஏட்டைக் கூட்டிச் சரி பார்த்தாயிற்று. ஒரு நாளைக்குச் சங்கத்தில் இவ்வளவுதான் வைத்துக்கொள்ளலாம் என்று ரொக்கத்துக்கு வரம்பு உண்டு. அதற்கு மேல் இருந்ததை மத்திய பாங்கிக் கிளையில் கட்டச் செயலாளர் மதியமே போய் வந்துவிட்டார். இரண்டு சாவியும் திரும்பின. பெட்டகம் மூடிற்று.

நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது, மனசில் குறுகுறுத்ததைக் கேட்டுவிட்டேன். "அண்ணனோடு இப்போ பேச்சு உண்டா?"

தோழி மொபெட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "போன வைகாசியிலே வந்தார்" என்றாள்.

இரண்டு வருஷம் அண்ணன் லாரியில் டிரைவராக ஓடியிருக்கிறார். 'அஞ்சு வட்டி'க் கடன் அடைந்திருக்கிறது. காட்டில் போர் போட்டுத் தண்ணீரும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. தம் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் காலையில் கவுண்ட்டர் முன்னால் வந்து நின்றாராம். பல வருஷத்துக்குப் பிறகு தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாராம்.

"இதை டெபாசிட்டாப் போடோணும்" என்றார்.

அவள் திகைத்துப் போனாள். இன்ஷூரன்ஸ் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். "டவுன்லே பெரிய பாங்கி இருக்குதுங்கண்ணா. அங்கே போட்டா அஞ்சு லட்சம் வரைக்கும் கவர்மெண்டு பாதுகாப்பு உண்டுங்க. இங்கே அது இல்லீங்க."

அண்ணன் பையைக் கவுண்ட்டரின் மேல் வைத்தாராம்.

"கூடப் பொறந்தவனுக்கே ஒரு எழுத்து மாத்தி எழுத மாட்டேன்னவ நீ. என் காசை வேற எவனுக்கு மாத்தி எழுதப் போறே? எண்ணிப் பாரு."

தோழி எண்ணினாள். இரண்டு முறை எண்ணினாளாம். கண்ணில் நீர் மறைத்ததால் முதல் தடவை கணக்குத் தப்பிவிட்டது!

ஐக்கிய நாடுகள் சபை 2025-ஆம் ஆண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டு என்று அறிவித்தது. நவம்பர் மாதத்தில் கூட்டுறவு வாரத்தின்போது ஏழு வர்ணக் கொடி ஏற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அன்று அந்தக் கிராமத்து அறையில், மஞ்சள் பையும் ரசீதுப் புத்தகமும் கை மாறிய நேரத்தில், பெயர்ப் பலகையிலிருந்து நழுவிப்போன அந்தப் பழைய சொல் தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது பாட்டியை நினைத்துக்கொண்டேன். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னால் அதிகம் பேச மாட்டாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்.

"நாணயமானவ!"